ஏழைகள் பிள்ளை பெறுவதால் தான் நாடு ஏழையாக இருக்கிறதா?

"இந்தியா ஏன் இன்னும் முன்னேறவில்லை?" என்று டீக்கடையில் கேட்டாலும் சரி, டிவி விவாதத்தில் கேட்டாலும் சரி, ஒரே பதில் தான் வரும். "ஜனத்தொகை சார்!" ரயிலில் இடமில்லையா? ஜனத்தொகை. வேலை கிடைக்கவில்லையா? ஜனத்தொகை. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்களா? அதற்கும் ஜனத்தொகை தான். சொல்பவர் வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதிகமாக இருப்பது எப்போதும் அடுத்தவன் தானே!

இதற்கு கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் இன்னொரு பதிப்பும் உண்டு. "பணக்கார நாடுகளைப் பாருங்கள். அங்கே பிறப்பு குறைவு, ஆயுள் அதிகம். ஆகவே முதலில் பொருளாதாரம் வளரட்டும். தலா வருமானம் உயர்ந்தால் ஆயுளும் கூடும், ஜனத்தொகையும் தானாகக் குறையும். அதுவரை இலவசம், மானியம், சத்துணவு என்று காசை வீணாக்கக் கூடாது."

முதல் பதில் ஏழையைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது பதில் ஏழையைக் காத்திருக்கச் சொல்கிறது. இரண்டுமே தவறு. எப்படி என்று பார்ப்போம்.

மேலோட்டமாகப் பார்த்தால்...

உலக வங்கி எல்லா நாடுகளையும் தலா வருமானத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. குறைந்த வருமானம், கீழ் நடுத்தர வருமானம், மேல் நடுத்தர வருமானம், உயர் வருமானம். இந்தியா 2007ம் ஆண்டுக் கணக்கின்படி கீழ் நடுத்தர வகுப்புக்கு வந்தது, அங்கேயே இருக்கிறது. இந்த நான்கு வகுப்புகளுக்கும் சராசரி எடுத்துப் பார்த்தால் படம் அழகாகத் தான் இருக்கும். மேலே போகப் போக ஆயுள் கூடும், பிறப்பு குறையும். நைஜர் மாதிரி குறைந்த வருமான நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 6 குழந்தைகள், ஆயுட்காலம் 60ஐ ஒட்டி. ஜப்பானில் 1.3க்கும் கீழே, ஆயுட்காலம் 84.

இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருக்கின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடுமா? சராசரியை விட்டுவிட்டு நாடு நாடாகப் பார்க்க ஆரம்பித்தால் இந்த அழகான படம் கிழிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இரண்டு சின்னக் கணக்குகள்.

கணக்கு 1: தலா வருமானம்

தலா வருமானம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே நாட்டின் வருமானம், கீழே மக்கள். ஒரு தீவில் 10 லட்சம் பேர், மொத்த வருமானம் 1000 கோடி என்றால் தலைக்கு 10,000 ரூபாய். வருமானம் 5 சதவீதமும் மக்கள் 3 சதவீதமும் வளர்ந்தால் அடுத்த வருடம் தலைக்கு சுமார் 10,194. மக்கள் 1 சதவீதம் மட்டும் வளர்ந்தால் சுமார் 10,396. வித்தியாசம் 202 ரூபாய். இது நிஜமான வித்தியாசம் தான், வருடா வருடம் சேர்ந்தால் பெரிதாகும். ஆனால் அந்த 10,396 ரூபாய் நிஜமாகவே ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறதா, அல்லது தீவில் இருக்கும் பத்து முதலாளிகளின் பீரோவில் இருக்கிறதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

பீட்டர் பாயர் என்ற பொருளாதார நிபுணர் இந்த வகுத்தல் கணக்கை கேலி செய்வார். ஒரு கன்றுக்குட்டி பிறந்தால் நாட்டின் தலா வருமானம் கூடுகிறது, ஒரு குழந்தை பிறந்தால் குறைகிறது. இத்தனைக்கும் அவர் இடதுசாரி அல்ல, சுத்தமான சந்தைப் பொருளாதாரக்காரர்! மனிதனை வெறும் வகுக்கும் எண்ணாக மட்டும் பார்த்தால் வரும் அபத்தம் இது.

வணிகவியல் படிக்கும் யாருக்கும் தெரியும், விற்றுமுதலைப் பார்த்து ஒரு கம்பெனி நன்றாக நடக்கிறது என்று சொல்ல முடியாது. லாபநட்டக் கணக்கும் ஐந்தொகையும் பார்க்க வேண்டும். ஒரு நாட்டுக்கு தலா வருமானம் விற்றுமுதல் மாதிரி. மக்கள் எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறார்கள் என்பது தான் ஐந்தொகை. பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னையும் சேர்த்துக்கொண்டு 1990ல் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டு வந்ததன் நோக்கமே இது தான். வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றார்கள்.

கணக்கு 2: ஆயுட்காலம்

ஒரு நாட்டின் சராசரி ஆயுள் 45 என்றவுடன் பலரும் நினைப்பது, அங்கே எல்லோரும் 45 வயதில் செத்துப் போகிறார்கள் என்று. அப்படி அல்ல. 10 குழந்தைகள் பிறக்கின்றன. 3 குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே இறந்து விடுகின்றன. மற்ற 7 பேரும் 65 வயது வரை வாழ்கிறார்கள். சராசரி போடுங்கள். ஏறக்குறைய 45.5!

அதாவது ஏழை நாட்டின் குறைந்த ஆயுளில் பெரும்பங்கு குழந்தை மரணம். குழந்தைகள் எதனால் இறந்தார்கள்? வயிற்றுப்போக்கு, நிமோனியா, அம்மை, பிரசவ நேரத்து ரணஜன்னி, மலேரியா. இவற்றைத் தடுக்க கோடிக்கணக்கில் பணம் தேவையா? தடுப்பூசி, கொதிக்க வைத்த தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், கை கழுவிய ஒரு மருத்துவச்சி. இதய அறுவை சிகிச்சைக்குத் தான் பணக்கார நாடு தேவை. வயிற்றுப்போக்கில் இருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்ற அக்கறையுள்ள ஒரு நாடு போதும்.

சாமுவேல் பிரெஸ்டன் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1975ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இதைத் தான் காட்டியது. 1930களில் இருந்து 1960கள் வரை உலகில் ஆயுட்காலம் உயர்ந்ததில் வருமான உயர்வின் பங்கு 10 முதல் 25 சதவீதம் மட்டுமே என்று அவர் கணக்கிட்டார். மீதியெல்லாம் வருமானத்துக்கு வெளியே இருந்து வந்தது. தடுப்பூசி, பூச்சிக்கொல்லி, நோயைப் பற்றிய அறிவு, பொது சுகாதாரம் போன்றவை.

ஒரே நாடாக இருந்த இரண்டு நாடுகள்

தியரி போதும். நிஜமான உதாரணம் வேண்டுமா? பாகிஸ்தானையும் பங்களாதேஷையும் எடுத்துக் கொள்ளுங்கள். 1971 வரை ஒரே நாடு.

1951 கணக்கெடுப்பில் கிழக்கு பாகிஸ்தானில் சுமார் 4.2 கோடி பேர், மேற்கில் சுமார் 3.4 கோடி பேர். கிழக்கில் தான் கூட்டம் அதிகம், கிழக்கு தான் ஏழை. புயல், வெள்ளம், போர், பிறகு 1974ல் பஞ்சம். புதிதாகப் பிறந்த பங்களாதேஷ் கரையேறவே போவதில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் அடியில்லாத கூடை என்று பேசினார்கள். அப்போது ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 7 குழந்தைகள்.

இன்றைய நிலை என்ன? 2022 கணக்கெடுப்பில் பங்களாதேஷ் சுமார் 17 கோடி. 2023 கணக்கெடுப்பில் பாகிஸ்தான் சுமார் 24 கோடி. குறைவாக இருந்த பக்கம் 7 கோடி முந்தி விட்டது! ஆயுட்காலத்திலும் பங்களாதேஷ் பாகிஸ்தானை விட ஐந்து வருடத்துக்கும் மேல் முன்னால் நிற்கிறது.

"பங்களாதேஷ் பணக்கார நாடாகி விட்டது, அதனால் தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தேதியைப் பாருங்கள். 2007ஐ ஒட்டி எடுத்த கணக்குகளின்படி பங்களாதேஷில் ஒரு பெண்ணுக்கு 2.7 குழந்தைகள், பாகிஸ்தானில் 4.1. அப்போது தலா வருமானம் எங்கே அதிகம்? பாகிஸ்தானில்! பங்களாதேஷ் வருமானத்தில் முந்தியது அதற்கும் பிறகு தான். பிறப்பு முதலில் குறைந்தது, வருமானம் பிறகு வந்தது. "முதலில் வளர்ச்சி" கட்சிக்காரர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பங்களாதேஷ் என்ன செய்தது? 1970களின் நடுவில் இருந்து ஆயிரக்கணக்கான பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் கருத்தடை சாதனங்களைக் கொடுத்தார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் 1968ல் டாக்காவில் தான் காலரா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. 1980ல் தொடங்கி பத்து வருடங்களில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய் தாய்மார்களுக்கு அந்தக் கரைசலைத் தயாரிக்கச் சொல்லிக் கொடுத்தது. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவு தான் மருந்து! 1990களில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் கிராமத்துப் பெண்களுக்கு உதவித்தொகை வந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். அந்தத் தொழிற்சாலைகளின் கொடுமைகள் தனிக்கதை. ஆனால் சொந்தமாகச் சம்பளம் வாங்கும் பெண்ணை 15 வயதில் கட்டிக் கொடுப்பது கஷ்டம்.

பக்கத்துத் தீவு

அடுத்தது இலங்கை. 1946ல் அங்கே ஆயிரம் பேருக்கு 20 பேர் வருடத்துக்கு இறந்து கொண்டிருந்தார்கள். 1947ல் அது 14 ஆனது. ஒரே வருடத்தில்! அந்த ஒரு வருடத்தில் இலங்கை பணக்கார நாடாகி விடவில்லை. டி.டி.டி. தெளித்து மலேரியாவை அடக்கியது ஒரு காரணம். 1942ல் வந்த அரிசிப் பங்கீடு, 1945ல் கன்னங்கரா கொண்டு வந்த இலவசக் கல்வி, கிராமங்கள் வரை போன இலவச மருத்துவமனைகள் ஆகியவையும் சேர்ந்து வேலை செய்தன. 1946ல் 43 வருடத்தை ஒட்டி இருந்த ஆயுட்காலம் 1953ல் 58 ஆகி விட்டது. 1953ல் ஒரு பெண்ணுக்கு 5க்கும் அதிகமாக இருந்த குழந்தைகள் 2000களில் இரண்டே சொச்சம். இத்தனையும் நடந்த காலத்தின் பெரும்பகுதியில் உலக வங்கி அட்டவணையில் இலங்கை குறைந்த வருமான நாடு. கீழ் நடுத்தர வகுப்புக்கு வந்ததே 1997ல் தான்.

இலங்கையை மட்டும் புகழ்ந்து விட்டுப் போவதும் நேர்மை அல்ல. 1931லேயே அங்கே வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. ஓட்டு இருந்த கிராமத்துக்கு ஆஸ்பத்திரியும் பள்ளியும் போயின. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மலையகத் தமிழர்களின் குடியுரிமை 1948ல் பறிக்கப்பட்டது. நாட்டுக்கு அன்னியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்த அதே தோட்டங்களில் குழந்தை மரணம் நாட்டின் மற்ற பகுதிகளை விட நீண்ட காலம் அதிகமாகவே இருந்தது. அதே நாடு, அதே தலா வருமானம், ஆனால் வேறு ஆயுள்! வருமானத்தை விட வாக்குரிமை ஆயுளை நீட்டும் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

பணம் இருந்தும்...

இனி எதிர்த்திசையில் பாருங்கள். ஆப்பிரிக்காவில் எக்குவடோரியல் கினி என்று ஒரு சின்ன நாடு. 1990களின் நடுவில் கடலில் எண்ணெய் கிடைத்தது. தலா வருமானம் ராக்கெட் மாதிரி ஏறியது. 2007ல் உலக வங்கி அதை உயர் வருமான நாடு என்று அறிவித்தது. அந்த வருடங்களில் அங்கே ஆயுட்காலம் 60ஐக் கூடத் தொடவில்லை. ஒரு பெண்ணுக்கு 4 குழந்தைகளுக்கும் மேல். எண்ணெய்ப் பணம் எங்கே போனது என்பதை 1979ல் இருந்து ஒரே ஆள் அதிபராக இருப்பதை வைத்து ஊகித்துக் கொள்ளலாம்.

அது ஆப்பிரிக்கா, விடுங்கள் என்பீர்கள். அமெரிக்காவுக்கு வாருங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் அதிகமாக மருத்துவத்துக்குச் செலவு செய்யும் நாடு. 2023ல் அதன் ஆயுட்காலம் 78.4. தலா வருமானத்தில் அமெரிக்காவின் நான்கில் ஒரு பங்கைக் கூடத் தொடாத கோஸ்டா ரிக்காவில் 80க்கும் மேல்! 1948ல் ராணுவத்தையே கலைத்து விட்டு அந்தக் காசைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருப்பிய நாடு அது.

ரஷ்யா இன்னொரு பாடம். 1990ல் 64ஐ ஒட்டி இருந்த ஆண்களின் ஆயுட்காலம் 1994ல் 58க்கும் கீழே போனது. நாலே வருடம்! சோவியத் உடைந்து, வேலை போய், மருத்துவம் சீர்குலைந்து, குடி பெருகியதன் விலை. சேர்த்து வைத்த ஆயுள் நிரந்தர வைப்பு அல்ல. கவனிக்காவிட்டால் கரைந்து போகும்.

கட்டாயப்படுத்தினால்?

"அப்படியானால் சீனா மாதிரி சட்டம் போட வேண்டியது தானே?" என்று அடுத்த கேள்வி வரும். சீனாவைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதையில் ஒரு முக்கியமான எண் மட்டும் விட்டுப் போகும். ஒரு குழந்தைத் திட்டம் வந்தது 1979-80ல். அதற்கு முன்பே, 1970ல் 5.8 ஆக இருந்த ஒரு பெண்ணின் சராசரிக் குழந்தைகள் 1979ல் 2.7ஐ ஒட்டி வந்து விட்டது. 1959-61 பஞ்சத்தின் கோர மரணங்களையும் தாண்டி, 1970களின் முடிவில் ஆயுட்காலம் 60ஐக் கடந்திருந்தது. கிராமத்து மருத்துவ ஊழியர்கள், பெண் கல்வி, தள்ளிப் போன திருமண வயது, "குறைவாகப் பெறு" என்ற பிரசாரம் ஆகியவை இதற்குக் காரணம். அந்தப் பிரசாரத்திலும் நிர்ப்பந்தம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய சரிவு ஒரு குழந்தைச் சட்டத்துக்கு முன்பே நடந்து முடிந்து விட்டது. 2016ல் இரண்டு, 2021ல் மூன்று என்று தளர்த்திய பிறகும் பிறப்பு கூடவில்லை, 2022ல் இருந்து சீன ஜனத்தொகை குறைந்து கொண்டிருக்கிறது. மேலே ஏறச் சொல்லவும் சட்டத்தால் முடியவில்லை.

நம் நாட்டிலும் அந்தக் கூத்து நடந்தது. 1974ல் புகாரெஸ்ட் உலக மாநாட்டில் நம் சுகாதார அமைச்சர் கரண் சிங், வளர்ச்சியை விடச் சிறந்த கருத்தடை கிடையாது என்ற பொருளில் பேசினார். உலகமே கை தட்டியது. இரண்டே வருடத்தில், 1976 ஏப்ரலில், அதே அமைச்சர் வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கை, கல்வியும் வளர்ச்சியும் வரும் வரை காத்திருக்க முடியாது என்றது. 1976-77 ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் ஏழைகள். 1977 தேர்தலில் வட மாநிலங்கள் பதில் சொல்லின.

அதோடு முடியவில்லை. ஆண்கள் பயந்து விலகினார்கள், கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி பெண்களின் கருத்தடை அறுவை 38 சதவீதம், ஆண்களுடையது 0.3 சதவீதம்! 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். "ஜனத்தொகை சார்" என்று டீ குடித்துக்கொண்டே சொல்லும் வாக்கியத்துக்கு யாரோ ஒருத்தி உயிரைக் கொடுக்கிறாள்.

ஏழை ஏன் அதிகம் பெறுகிறான்?

அறியாமை என்று சொல்லி விடுவது சுலபம். உண்மையில் அது ஒரு கணக்கு. பென்ஷன் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, வயதான காலத்தில் கஞ்சி ஊற்ற பிள்ளை வேண்டும். பிறக்கும் ஐந்தில் இரண்டு தங்காது என்றால் மூன்று பிழைக்க ஐந்து பெற்றாக வேண்டும். நம் பாட்டிமாரைக் கேட்டால் "பத்து பெத்தேன், ஆறு தங்குச்சு" என்பார்கள். அந்த "தங்குச்சு" என்ற சொல்லில் இருக்கிறது மொத்த மக்கள்தொகையியலும். பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால் தான் ஒரு தாய் இரண்டோடு நிறுத்துவாள்.

ஆகவே வரிசை இது தான்:

1. முதலில் குழந்தைகள் சாவது நிற்க வேண்டும்.
2. பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும், திருமணம் தள்ளிப் போக வேண்டும்.
3. கருத்தடை சாதனம் பயமுறுத்தாமல், கேட்டவுடன் கிடைக்க வேண்டும்.
4. பிறப்பு குறையும்.
5. வேலை செய்யும் வயதினர் விகிதம் கூடும், சேமிப்பு கூடும், வருமானம் உயர வழி பிறக்கும்.

"முதலில் வளர்ச்சி" என்பவர்கள் ஐந்தாவது படியை முதல் படி என்கிறார்கள். "ஜனத்தொகை சார்" என்பவர்கள் முதல் மூன்று படிகளைத் தாண்டி நேராக நான்காவதில் குதிக்கச் சொல்கிறார்கள்.

நம் மாநிலங்களே சாட்சி

ஹரியானாவின் தலா வருமானம் கேரளாவை விட அதிகம். 2020 கணக்கில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஹரியானாவில் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. கேரளாவில் 6! தமிழ்நாட்டில் 13. பிரசவத்தில் தாய் இறப்பது 2018-20ல் தேசிய அளவில் லட்சத்துக்கு 97, தமிழ்நாட்டில் 54.

தமிழ்நாட்டில் இது பணத்தால் வந்ததா? 1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய போது இது பணக்கார மாநிலம் அல்ல. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்த போது "காசு கரியாகிறது" என்று திட்டாத பொருளாதார மேதை இல்லை. கிராம நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம், 1990களில் மருந்து வாங்க ஏற்படுத்திய மருத்துவ சேவைக் கழகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இதற்கெல்லாம் முன்பே, நாட்டின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று பெரியார் எழுதி விட்டார். ஜனத்தொகை என்ற பேச்சையே எடுக்காமல் ஜனத்தொகைக்குச் சொன்ன சரியான பதில் அது.

இதை வைத்துக் கொண்டு வடக்கத்தியரைக் கேலி செய்பவர்களும் கவனிக்க வேண்டும். 1992-93ல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு பெண்ணுக்கு 4.8 குழந்தைகள். 2019-21ல் 2.4. பாதியாகி விட்டது! பீகாரில் இன்னும் 3. ஆனால் நாடு முழுவதும் பார்த்தால் 2.0, அதாவது ஜனத்தொகையை நிலையாக வைக்கத் தேவையான 2.1க்கும் கீழே. பள்ளிக்கே போகாத பெண்ணுக்கு 2.8, பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவளுக்கு 1.8. வித்தியாசம் வடக்கில் தெற்கில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எண்ணிக்கை இன்னும் ஏறுவது இளைஞர்கள் அதிகம் என்பதால். ஓடிய ரயில் பிரேக் போட்ட இடத்திலேயே நின்று விடாது.

அப்படியானால் வருமானம் வேண்டாமா?

வேண்டும். 2022ல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்ற போது ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்தது. பணம் இல்லாமல் நல்ல ஏற்பாடும் நிற்காது. குழந்தை மரணத்தைக் குறைப்பது மலிவு. ஆனால் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய், முதுமை என்று வரும் அடுத்த கட்டம் மலிவு அல்ல. 2023ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்கு இறங்கிய தென்கொரியா, பணம் வந்தபின் வேறு விதமான கவலை வரும் என்று காட்டுகிறது. வருமானம் ஒரு கருவி. அதைத் தகுதிச் சான்றிதழாக்கி, "அது வந்த பிறகு தான் உனக்கு ஆயுள்" என்பது தான் தவறு.

இந்தத் தவறுக்கு விலை உண்டு. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் மருத்துவச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். மொத்த மருத்துவச் செலவில் 39 சதவீதம் மக்கள் தங்கள் கையில் இருந்து கொடுத்தது. உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று மார் தட்டும் நாட்டில், ஒரு ஆபரேஷனுக்குத் தாலியை அடகு வைக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டன. அப்படிப் போட்ட ஆந்திரா 2024ல் அதை நீக்கியது. அங்கே முதல்வரே அதிகம் பெறுங்கள் என்று கேட்கும் நிலை! நேற்று பெறாதே, இன்று பெறு. இரண்டு உத்தரவும் பெண்ணின் வயிற்றுக்குத் தான். குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்களுக்குத் தண்டனை கிடைக்கக் கூடாது என்று தான் 1976ல் மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்போடு நிறுத்தப்பட்டன. பிறகு 15வது நிதிக் கமிஷன் 2011 ஜனத்தொகையைக் கணக்கில் எடுத்தது, பிறப்பைக் குறைத்ததற்கு 12.5 சதவீத மதிப்பெண் போட்டு சமாதானம் செய்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் செய்ததை ஒரு சூத்திரத்தில் அடக்கி விடலாம் என்று நினைக்கிறார்கள்.

ஆக, அடுத்த முறை யாராவது "ஜனத்தொகை சார்" என்று ஆரம்பித்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் நர்ஸ் இருக்கிறாரா? பத்தாவது முடித்த பெண் பிள்ளைகள் பதினொன்றாவது போகிறார்களா? போன வருடம் ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாம் இன்று உயிரோடு இருக்கின்றனவா? மூன்றுக்கும் "ஆமாம்" என்று பதில் வரும் ஊரில் ஜனத்தொகையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இருக்காது. "இல்லை" என்று பதில் வரும் ஊரில் ஜனத்தொகையைப் பற்றிப் பேச யாருக்கும் யோக்கியதை கிடையாது.